ரான் டீச்சரின் வகுப்பில் இடது கைகள்

ஒரு சொல் எப்போது ஒருவருடையதாகிறது? அதைப் படித்த நாளிலா, அது தேவைப்பட்ட நாளிலா? இந்தக் கேள்வியைப் புத்தகங்களில் பல தடவை சந்தித்திருக்கிறேன். ஒரு புத்தகமும் திருப்தியான பதில் தரவில்லை. ரான் யூச்சின் டீச்சரும் தரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு ஒரே வீட்டில் வாழ்கிறவரைப் போல, அதை இடித்துக்கொள்ளாமல் நடமாட அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். சீனாவின் குய்சோ மாகாணத்தின் கிழக்கே, மலைகளுக்கு நடுவில் ஆறு வளைந்து போகும் இடத்தில் உள்ள சிறு நகரம் எங்களுடையது. நான் பக்கத்து அறையில் அரசியலும் தத்துவமும் நடத்தினேன். இடையிலிருந்த சுவர் மெல்லியது. பொருள்முதல்வாதம் பற்றி நான் சொன்னது அவருடைய மாணவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சளி பிடிப்பதை எப்படிச் சொல்வதென்று என் மாணவர்களுக்குத் தெரியும்.

அவரைப் பெரிய ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய உச்சரிப்பு வானொலியில் கேட்டுக் கற்றது. நடுநடுவே கொஞ்சம் கரகரப்பையும் சேர்த்தே கற்றிருந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரோடும் அவர் பேசியதில்லை. ஒரு தடவை வாய்ப்பு வந்தது. முதுகில் பெரிய பை சுமந்த வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் பள்ளிக்கு எதிரே புளிச்சாறு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பதாகக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். டீச்சர் தலையைச் சீவிக்கொண்டு போனார். அவர்கள் போலந்துக்காரர்கள். அவர்களுடைய ஆங்கிலம் டீச்சருடையதைவிட மோசம். கடைசியில் மிளகாய் வேண்டாம் என்பதைக் கையால்தான் சொல்லிக்கொண்டார்கள்.

"எப்படி இருந்துச்சு ரான் அக்கா?" என்று கேட்டேன்.

"நல்லவங்க. நான் சொன்ன எல்லாத்துக்கும் ஆமான்னாங்க."

பாடப்புத்தகத்தில் புழங்குசொற்கள் என்று ஒரு பகுதி உண்டு. புல்தரை, கணப்படுப்பு, ரொட்டி வாட்டும் இயந்திரம், அண்டை வீட்டுக்காரருக்கு வாழ்த்து அட்டை. எங்கள் நகரத்தில் இவற்றில் ஒன்றையும் யாரும் புழங்கியதில்லை. எங்கள் வீடுகளில் இருந்ததோ நிலக்கரி அடுப்பு, ஊறுகாய்ச் சாடி, மிளகாய் இடிக்கிற உரல், மழையில் காயாத போர்வை. அவற்றுக்கான சொற்கள் புத்தகத்தில் இல்லை. பொருள் இல்லாத சொற்கள் ஒரு பக்கம், சொல் இல்லாத பொருள்கள் மறுபக்கம். நானாக இருந்தால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். டீச்சர் ரொட்டி இயந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து, "நானும் பாத்ததில்ல. பாத்தா இப்படித்தான் இருக்குமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

ஆங்கில மரபுத்தொடர்களில்தான் அவர் பிடிவாதக்காரர். அவற்றைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்றால் மழை பலம். கேக் துண்டு என்றால் சுலபம். எல்லா ஊரிலும் இவற்றை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ரான் டீச்சர் அப்படிச் செய்யவில்லை. கல்வியாண்டின் முதல் வகுப்பில் ஒரு எனாமல் பேசினில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கும் தொடர் அந்த ஆண்டு முழுக்க அவருடையது. விதி ஒன்றுதான்: உண்மையிலேயே அப்படி நடக்கும்வரை அதை வாய் திறந்து சொல்லக் கூடாது, நடந்துவிட்டால், எங்கே இருந்தாலும் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும்.

மழைச் சீட்டு எடுத்தவனை மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். குய்சோவில் அவன் முதல் வாரத்திலேயே வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருப்பான்.

முதல் புகார் கணக்கு ஆசிரியர் ச்சினிடமிருந்து வந்தது. ஆசிரியர் அறையில் தேநீர்க் குவளையின் மூடியைத் திருகியபடியே ஆரம்பித்தார்.

"ரான் அக்கா, உங்க பையன் ஒருத்தன் என் பரீட்சை நடுவுல எந்திரிச்சு நிக்கிறான்."

"என்ன சொன்னான்?"

"ஏதோ இங்கிலீஷ்ல. கேக்குன்னு மட்டும் காதுல விழுந்துச்சு. பசிக்குதாடான்னு கேட்டேன்."

"கேள்வித்தாள் ரொம்ப சுலபமா இருந்திருக்கு. அதைத்தான் சொல்லியிருக்கான்."

ச்சின் சற்று யோசித்தார். "சுலபமா? பாதி மார்க்குகூட வாங்கலியே அவன்."

"அது அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல."

என் வகுப்பிலும் ஒருத்தி எழுந்தாள். அளவு மாற்றம் எப்படிக் குண மாற்றமாகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தன் உடம்பு முழுக்கக் காதாக இருப்பதாக அவள் ஆங்கிலத்தில் அறிவித்தாள். மிகுந்த கவனத்தோடு கேட்கிறேன் என்று பொருள். அன்று முழுவதும் நான் நல்ல மனநிலையில் இருந்தேன். ஆண்டு முடியும் தறுவாயில் சொல்லத் தவறியவர்கள் ஏதாவது ஓர் இடம் பார்த்துச் சொல்லிவிடுவது வழக்கம் என்று பிறகு ச்சின் எனக்குச் சொன்னார்.

இந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. அது டீச்சருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஓர் ஆண்டு யாங் ஷெங் என்ற பையன் வாளியை உதைப்பது என்ற தொடரை எடுத்திருந்தான். செத்துப்போவது என்று பொருள். குளிர்காலத்தில் அவனுடைய தாத்தா இறந்தார். சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினான். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று, என் தாத்தா வாளியை உதைத்தார் என்றான். டீச்சர் தலையசைத்தார். வகுப்பு எழுந்து நின்று மௌனமாக இருந்தது. எல்லாம் முறையாகவே நடந்தது.

அடுத்த வருடம் பள்ளிக்குப் புதிய அகராதி வந்தது. அந்தத் தொடருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கேலிப் பேச்சு, மரியாதைக்குரியவர்களுக்கு ஆகாது. டீச்சர் அகராதியை மூடி வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். யாங் ஷெங்கின் குடும்பம் ஆற்றங்கரைச் சந்தில் சோயாவை அரைத்துத் தோஃபு செய்து விற்றது. படிப்பை முடித்துவிட்ட அவன் திரிகையில் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க தாத்தா இறந்தப்போ உனக்குத் தப்பான வார்த்தையைக் குடுத்துட்டேன்" என்றார் டீச்சர். "அது கேலியா சொல்றதாம். இன்னைக்குத்தான் பாத்தேன்."

அவன் திரிகையை நிறுத்தினான். "எங்க தாத்தாவையா டீச்சர்? அவரு நெசமாவே வாளிய உதைப்பாரு. சோயா ஊறப்போட்ட வாளி. வேணும்னா அம்மாவக் கேளுங்க."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒரு வாளியா? இருந்த எல்லாத்தையும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த தாத்தாவின் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்து வணங்கினார். திரும்பி வந்து பேசினில் இருந்து மரணம் சம்பந்தப்பட்ட சீட்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் நகரத்தில் யாரும் ஆங்கிலத்தில் இறக்கவில்லை.

இப்படியெல்லாம் இருந்தாலும் அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளி வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உயர்நிலை ஆசிரியர் என்ற தகுதி பெற்றவர்களுடைய படங்கள் அதில் வரிசையாக இருக்கும். காலையில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் அதன் முன்னால் நின்று பார்ப்பார்கள். ரான் டீச்சர் தன் படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். நகரத்தின் ஒரே ஸ்டுடியோவில், நீலக் கோட்டு போட்டு, தலைமுடி முழுக்கக் கறுப்பாக இருந்த காலத்தில் எடுத்த படம். மேசை இழுப்பறையில் சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியில் அது கிடந்தது.

அந்தத் தகுதிக்குத் திறந்த வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். மேலிடத்திலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்வார்கள். முதல் தடவை டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. இரண்டாம் தடவை எல்லாம் நன்றாகப் போனது. இருந்த ஓர் இடம் வேதியியல்காரருக்குப் போனது. மூன்றாவது வாய்ப்பு வந்தபோது டீச்சருக்கு ஐம்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் ஆசிரியர்கள் அந்த வயதில் ஓய்வு பெற வேண்டும். இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

அந்த இடத்தை அவருக்காகப் போராடி வாங்கியவர் துணைத் தலைமையாசிரியர் லெங். அவர் டீச்சரிடமே படித்தவர். நாற்பது வயதுக்குள் வழுக்கை விழுந்த, கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். ஒத்திகையை அவரே முன்னின்று நடத்தினார். திறந்த வகுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் ஒத்திகை இல்லாமல் இருக்காது. அதே மாணவர்கள், அதே கேள்விகள், அதே பதில்கள், அசந்துபோகும்வரை. கை தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. எங்களூரில் அதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. கல்யாணத்தில் புதுச்சட்டை போடுவதுபோல.

"கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கணும்" என்றார் லெங். "தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. டீச்சர் வலது கையை மட்டும்தான் கூப்பிடுவாங்க. பயப்பட வேண்டாம். கை தூக்காம மட்டும் ஒருத்தரும் இருக்கக் கூடாது."

ஒரு பையன் எழுந்தான். "சார், எனக்கு இடதுகைப் பழக்கம்."

"அன்னைக்கு மட்டும் இல்ல."

டீச்சர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தைய இரண்டு தடவையும் அவர் இதே முறையில்தான் நடத்தினார். ஒரு தடவைகூடத் தவறான கையைக் கூப்பிட்டதில்லை.

ஒத்திகை முடிந்து மாணவர்கள் போனதும் லெங் டீச்சரிடம் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாம் ஒரே படகில் இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது அவர் பள்ளிக்காலத்தில் எடுத்த சீட்டு. அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு அதைச் சொல்ல வாய்க்கவில்லையாம்.

"லேட்டு" என்றார் டீச்சர். "பரவாயில்ல, சரியாத்தான் சொன்ன."

லெங்கின் முகம் சிவந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

அந்த வகுப்பில் லுங் ச்சுன்யான் என்று ஒரு பெண் இருந்தாள். கடைசி வரிசை, துடைப்பான்கள் சாத்தி வைத்திருக்கும் மூலை. அப்பாவும் அம்மாவும் தொலைதூரக் குவாங்டாங்கில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அவள் சித்தப்பா வீட்டில் இருந்தாள். அவளுக்கு விழுந்த சீட்டு, ஒன்பதாம் மேகத்தின் மேல் இருக்கிறேன் என்பது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருப்பதை அப்படிச் சொல்வார்களாம். ஆண்டு பாதியை நெருங்கியும் அவள் எழுந்து நிற்கவில்லை. பசங்க சும்மா இருப்பார்களா?

"ஏய், நேத்து கேன்டீன்ல கறி போட்டாங்கல்ல, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அது உனக்கு மேகம். எனக்கு கறி" என்றாள் ச்சுன்யான்.

புத்தாண்டு வசந்த விழாவுக்கு அப்பா அம்மா வருவார்கள், அப்போது சொல்லிவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். விழா முடிந்து பள்ளி திறந்தது. டீச்சர் அவளைப் பார்த்தார்.

"வரல டீச்சர். டிக்கெட் கிடைக்கல."

"சரி" என்றார் டீச்சர். மற்றவர்களைப் போல இவளும் எங்கேயாவது ஓர் இடம் பார்த்துச் சொல்லி முடித்திருக்கலாம். இவள் செய்யவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. ச்சுன்யான் விதியை நம்பினாள் என்று நினைக்கிறேன். விதி போட்டவரைத் தவிர அதை முழுக்க நம்பியவள் அவள் ஒருத்திதான்.

திறந்த வகுப்பு நாள் வந்தது. பூனையும் நாயுமாகப் பெய்துகொண்டிருந்ததால் மழைச் சீட்டுக்காரன் மறுபடி எழுந்துவிடாமல் லெங் அவனிடம் தனியாகப் பேசி வைத்திருந்தார். மூன்று மதிப்பீட்டாளர்கள் ஈரக் குடைகளோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். என்னையும் ச்சினையும் போன்றவர்கள் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். லெங் கதவருகில் நின்றார். டீச்சர் நீலக் கோட்டு போட்டிருந்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

பாடம் ஒத்திகை பார்த்தபடியே நகர்ந்தது. டீச்சர் தொடர்களை எழுதினார். வலது கைகள் பொருள் சொன்னன. அண்ணன் வெந்நீர்ப் பிளாஸ்கை உடைத்ததை எப்படி மறைத்தான், அது எப்படி வெளியே வந்தது என்று ஒரு பெண் சொன்னாள். பூனை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று முடித்தாள். நடுவில் இருந்த மதிப்பீட்டாளர், தடித்த கண்ணாடி போட்டவர், சிரித்துவிட்டார். சிரித்தவர் குறித்துக்கொள்வதையும் பார்த்தேன். லெங் என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு சமிக்ஞை செய்தார். முடிந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. உன்னுடைய தொடர் எப்போது உண்மையானது? இதற்கு வகுப்புத் தலைவன் பெங் பதில் சொல்ல வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் தோற்று, பயிற்சி செய்து, மறுவருடம் ஜெயித்த கதை. நல்ல கதை. தாய்நாடு என்ற சொல்லும் அதில் ஓரிடத்தில் வரும். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தான்.

டீச்சர் கேட்டார். எல்லாக் கைகளும் எழுந்தன. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரே காடு. முன்னால் நிற்பவருக்கு அது ஒத்திகையில் படித்துப் பழகிய எழுத்து. பெங்கின் வலது கை முதல் வரிசையில் நேராக நின்றது. துடைப்பான் மூலையில் ச்சுன்யானின் இடது கை, முழங்கையை மேசையில் ஊன்றியபடி, பாதி உயரத்தில் இருந்தது.

டீச்சர் பெங்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "லுங் ச்சுன்யான்" என்றார்.

அவள் உடனே எழவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டது போலப் பக்கத்தில் பார்த்தாள். அந்தப் பக்கம் சுவர். எழுந்தாள். இடது கையை இறக்க மறந்திருந்தாள்.

மழை கேட்டது. கதவருகில் லெங் ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இன்னும் இல்லை, டீச்சர்" என்றாள் ச்சுன்யான், ஆங்கிலத்தில். முதல் வருடத்திலேயே கற்றுக்கொடுக்கிற இரண்டு சாதாரணச் சொற்கள். அதில் பூனை இல்லை, மேகம் இல்லை.

அப்போதும்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நன்றி சொல்லி உட்கார வைத்துவிட்டு பெங்கைக் கூப்பிட்டிருக்கலாம். பெங் இன்னும் கையை இறக்கவில்லை. டீச்சர் ச்சுன்யானிடமே கேட்டார்: "காத்திருக்கிறாயா?"

"ஆமாம்."

"நல்லது. உட்கார்."

கரும்பலகையின் வலது ஓரத்தில், இன்று கற்ற புதிய சொற்கள் என்ற தலைப்பின் கீழே, அந்த இரண்டு சொற்களையும் எழுதினார். மணி அடித்தது.

மதிப்பீட்டாளர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். பாடம் இயல்பாக இருந்தது என்றும், இறுதிக் கேள்விக்கு உரிய விடை பெறப்படாததால் வகுப்பு முழுமையடையவில்லை என்றும் அறிக்கை வந்தது. தகுதி வேறொரு பள்ளியின் இயற்பியல் ஆசிரியருக்குப் போனது. கண்ணாடிப் பெட்டியில் எந்த மாற்றமும் இல்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு ரான் டீச்சர் ஓய்வு பெற்றார். எனாமல் பேசினை வீட்டுக்கு எடுத்துப்போய் முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டார். ச்சுன்யான் பள்ளி முடித்ததும் குவாங்டாங் போனாள். ஒன்பதாம் மேகத்தின் மீது அவள் எப்போதாவது எழுந்து நின்றாளா என்று எனக்குத் தெரியாது.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. எதிரில் நிற்பவருக்கு இடது வலது மாறிப்போவது இயற்கை என்றார் ச்சின். வாழ்நாள் முழுக்க எதிரிலேயே நின்றவருக்கு அன்று மட்டும் ஏன் மாறியது என்று நான் கேட்டேன். கண் மங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். அந்தப் பெண் மீது இரக்கம் என்றார்கள் சிலர். இரக்கப்படுகிறவர் மதிப்பீட்டாளர்கள் முன்னால் எழுப்பி நிறுத்துவாரா? எனக்கும் ஒரு விளக்கம் இருந்தது, தத்துவப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. அதை நானே நம்பவில்லை.

லெங்தான் அதிகம் வருந்தியவர். பல வாரம் டீச்சரோடு பேசவில்லை. விடைபெறும் நாளன்று, மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை டீச்சர் எடுத்துப் பைக்குள் வைப்பதை இருவரும் பார்த்தோம்.

"ஏன் டீச்சர் அவளக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் லெங். குரல் மாணவனுடையதாக இருந்தது.

டீச்சர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"கை தூக்கியிருந்தாளே" என்றார்.

எல்லோரும்தான் தூக்கியிருந்தார்கள்.